அகலமான எண்பத்தேழு

மிச்செல், தெற்கு டகோட்டா
27 அக்டோபர் 1985

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

முதுகு தவிர மற்றதெல்லாம் எனக்கு நலம். அங்கே நீயும் விர்ஜில் அத்தானும் ரோண்டாவும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் சிறுநீரகக் கல் இறங்கிவிட்டதா, இல்லை இன்னும் வீட்டையே ஆட்டி வைக்கிறாரா?

ஒரு செய்தி. நல்லதா கெட்டதா என்று நீயே சொல். போன வாரம் கில்லிஸ் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். எங்கள் ஃபுட்பால் அணிக்காக ஊர் ஊராய்ப் போய் ஆள் பார்க்கிற எங்கள் ஆறு பேருக்கும் அவர்தான் தலைவர். நாற்காலிகூடக் காட்டவில்லை. "டுவேன், ஏப்ரல் டிராஃப்ட் வரைக்கும் உனக்கு நேரம் தர்றேன். எனக்கு ஒரு டைட் எண்ட் வேணும். முட்டித் தள்றவனா இருக்கணும். இந்தத் தடவையும் போடீன் மாதிரி ஒருத்தனை இழுத்துட்டு வந்தேன்னு வை, மே மாசத்துலேர்ந்து நீ தெனமும் மீன் பிடிக்கப் போகலாம்" என்றார்.

போடீனை மறந்திருக்க மாட்டாய். மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்த பெயர். பந்து பிடிப்பதில் பிசாசு. ஆனால் எதிரே வருகிறவனைத் தடுக்கச் சொன்னால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பான். அவன் விட்ட ஆள் ஒருவன் போய் விழுந்துதான் பந்து வீசுகிற எங்கள் குவார்ட்டர்பேக்கின் தோள் உடைந்தது. அந்தத் தோள் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

டைட் எண்ட் என்றால் பாதி நேரம் வரிசையோரம் நின்று மாடு மாதிரி முட்ட வேண்டும், பாதி நேரம் மான் மாதிரி ஓடிப் பந்து பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் எங்கே கிடைக்கிறது? கல்லூரிப் பையன்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பங்கு போட்டுக்கொள்கிற அந்த ஏப்ரல் டிராஃப்ட்டுக்குள் கிடைக்காவிட்டால் என் கதி என்ன? இருபத்து மூன்று வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது, அக்கா. இருந்தாலும் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது பெரிய நிம்மதி. அன்றைக்கே அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

அத்தானை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்.

உன் தம்பி,
டுவேன்


ஆல்டர் க்ரீக்
10 நவம்பர் 1985

அன்புள்ள தம்பி டுவேனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் கல் வியாழக்கிழமை இறங்கிவிட்டது. கடுகளவுதான். அதற்கு அவர் போட்ட சத்தம் பக்கத்துப் பண்ணை வரைக்கும் கேட்டது. இப்போது அதை மருந்து சீசாவில் போட்டு வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? மோட்டல் மெத்தையில் படுக்காதே, தரையில் படு.

உன் செய்தி நல்லதுதான். ஆறு மாதம் என்பது ஆறு மாதம். எனக்குத்தான் உன் வேலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட உன்னளவுக்குக் கேட்க மாட்டான். உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, கை எத்தனை சாண், அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா!

இங்கே கல்லூரியில் ஆட்டங்கள் முடிந்தன. நம் பையன்கள் லீக் கோப்பையை வாங்கிவிட்டார்கள். எனக்கு உடுப்பு அறையில் எண்பது சட்டை துவைக்கக் கிடக்கிறது, முப்பது தைக்கக் கிடக்கிறது.

உன் அக்கா மகள் ரோண்டாவுக்கு ஒருவன் இருக்கிறான். ஞாயிறு மதியம் வருவான். என் ப்ரூன் கூகன் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பான். அத்தான் இருபத்தெட்டு வருடத்தில் கழுவாத தட்டு! பெயரைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நாற்பது கஜம் எத்தனை நொடியில் ஓடுவான் என்று கேட்பாய்.

வேளைக்குச் சாப்பிடு.

ஆர்டிஸ்


ஒமாஹா
30 நவம்பர் 1985

அக்கா,

சுகம், சுகம், சுகம். எல்லோரும் சுகம்தானே? சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிடைத்துவிட்டான்!

அதுவும் எங்கே என்கிறாய்? உன் மூக்குக்குக் கீழே. உங்கள் கல்லூரிப் பயிற்சியாளர் டாலன் அனுப்பிய படச்சுருள்களை மோட்டல் சுவரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் 87, டெரில் ஹாஃப்ஸ்டாட். செப்டம்பர் ஆட்டங்களில் எவ்வளவு மோசமாக வீசினாலும் பிடித்துவிடுகிறான். நல்ல பிடிப்பாளன், ஆனால் போடீனும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டே அக்டோபர்ச் சுருளைப் போட்டேன். மூன்று ஆட்டம். அங்கேதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். எதிரே நிற்கிறவனை மார்பில் முட்டி, அப்படியே எட்டு கஜம் தள்ளிக்கொண்டு போய், அவன் பெஞ்சு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறான். அந்த மூன்று ஆட்டத்தில் ஒரு பந்துகூட அவனுக்கு வீசவில்லை, முழுக்க முட்டல்தான். நவம்பரில் பார்த்தால் மறுபடி பந்து பிடிக்கிறான்.

ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள், அக்கா! இருபத்து மூன்று வருடமாகத் தேடியது இதைத்தான்.

நீ அவன் சட்டையைத் துவைக்கிறவள் ஆயிற்றே. பயல் எப்படிப்பட்டவன்? குடிப்பானா? கோபம் உண்டா? டாலனைக் கேட்டால் எல்லோரையும் தேவதூதன் என்பார். நீ சொன்னால்தான் நம்புவேன். சீக்கிரம் எழுது.

டுவேன்


ஆல்டர் க்ரீக்
22 டிசம்பர் 1985

அன்புள்ள டுவேனுக்கு,

இங்கே குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீ திடமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. தேவாலயத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து, முந்நூறு பேருக்கு மீனை ஊறவைத்து அலசிய கை இன்னும் நாறுகிறது. பாஸ்டர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அத்தான் வழக்கம்போல் வெண்ணெயையும் உருளைக்கிழங்கையும் மட்டும் தின்றுவிட்டு மீன் பிரமாதம் என்றார்.

நீ கேட்ட பையன் நல்லவன்தான். சட்டையைச் சுருட்டி எறியாமல் கூடையில் போடுவான். குடித்து நான் பார்த்ததில்லை. கல்லூரியில் நூறு பையன்கள், எனக்கு எல்லோரையும் அவ்வளவாகத் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். இந்தப் பையன் ஒருவன்தானா உன் பட்டியலில்? வேறு கல்லூரிகளில் நல்லவர்கள் இல்லையா? ஒரே இடத்தில் எல்லா நம்பிக்கையையும் வைத்துவிடாதே.

உனக்கு ஒரு கம்பளிப் பனியன் பின்னி அனுப்பியிருக்கிறேன். போன வருடத்து அளவுக்கே பின்னினேன். நீ பெருத்திருந்தால் அது உன் தப்பு.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
ஆர்டிஸ்


லிங்கன், நெப்ராஸ்கா
19 ஜனவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

பனியன் வந்தது. வயிற்றருகே கொஞ்சம் இறுக்கம், மற்றபடி அருமை. நீங்கள் மூவரும் சளி கிளி இல்லாமல் இருக்கிறீர்களா?

ஹாஃப்ஸ்டாட்டின் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். நான்காவது சுற்றிலேயே எடுக்கலாம் என்று எழுதினேன். கில்லிஸ் அக்டோபர்ச் சுருளை நான்கு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "டுவேன், போடீனை நான் மறந்துடறேன்" என்றார். அன்றைக்கு வந்து படுத்தவன் ஒன்பது மணிநேரம் தூங்கினேன். வேறு யாரையும் இனித் தேடப்போவதில்லை. இவன்தான்.

இன்னொரு கூத்தைக் கேள். எங்களில் ஒருவன், டெக்ஸாஸ் பக்கம் பார்க்கிறவன், மனைவியின் அக்கா மகனைப் பட்டியலில் சேர்த்துவிட்டு உறவைச் சொல்லாமல் இருந்தானாம். தெரிந்த அன்றைக்கே கில்லிஸ் அவனிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டார். "உறவுக்காரன் பேரை எழுதறதுன்னா, மொதல் வரியிலேயே உறவையும் எழுதணும்" என்பது அவர் சட்டம். நல்லவேளை, நம் குடும்பத்தில் எல்லோரும் குள்ளம்.

மார்ச் 12 அன்று அவனை ஓடவிட்டு அளக்க ஆல்டர் க்ரீக் வருகிறேன். உன் வீட்டில்தான் தங்கல். கூகன் தயாராக இருக்கட்டும். ரோண்டாவின் ஆளையும் கண்ணில் காட்டு.

டுவேன்


ஆல்டர் க்ரீக்
23 பிப்ரவரி 1986

அன்புள்ள டுவேனுக்கு,

நாங்கள் நலம். எஞ்சின் உறையாமலிருக்கக் காரை இரவெல்லாம் மின்சாரத்தில் சொருகி வைத்தும் காலையில் கிளம்ப மறுக்கிறது, அத்தான் அதைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, பாஸ்டர் காதில் விழக்கூடாது. உனக்கு உடம்பு எப்படி? ஐஸ் ரோட்டில் வேகமாக ஓட்டாதே.

பன்னிரண்டாம் தேதி நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம். அத்தானின் தங்கைக்கு அபர்டீனில் பித்தப்பை ஆபரேஷன். நானும் ரோண்டாவும் ஒரு வாரம் அங்கே போய்ச் சமைத்துப் போட வேண்டும். அத்தானும் கூட வருகிறார். நீ வருகிற நேரம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்! சாவி பால் கேனுக்கு அடியில். கூகன் ஃபிரிட்ஜில், மேல் தட்டில். அடுப்பைச் சரியாக அணை.

நீ தூங்கினாய் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷம்.

ஆர்டிஸ்


ஆல்டர் க்ரீக், உன் சமையலறை மேஜை
13 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சுகம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? உன் நாத்தனாரிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

கூகன் நன்றாக இருந்தது. முழுவதையும் நானே சாப்பிடவில்லை, ஒருவனுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டேன். இரண்டு தட்டும் கழுவியாயிற்று.

ஹாஃப்ஸ்டாட் நேற்றுக் காலை ஓடினான், பிடித்தான். கை அகலம் ஒன்பதரை அங்குலம். எல்லாவற்றையும் எழுதி நேற்றே கில்லிஸுக்கு அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அந்த அக்டோபர்ச் சுருள்களை இன்றைக்கு டாலன் அறையில் மறுபடி பார்த்தேன். அந்த மூன்று ஆட்டத்தில் மட்டும் அவன் முதுகில் 87 இழுத்துப் பிடித்தமாதிரி அகலமாகத் தெரிகிறது. விலாப்பக்கம் வெளிறிய பட்டை ஒன்றும் தெரிகிறது. சட்டையும் தையலும் உன் கையில்தானே இருக்கின்றன. ஏன் அப்படி?

பதில் எழுது. அவசரமில்லை. டிராஃப்ட் ஏப்ரல் 29-ல்தான் தொடங்குகிறது.

டுவேன்


ஆல்டர் க்ரீக்
30 மார்ச் 1986, ஈஸ்டர்

அன்புள்ள டுவேனுக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம். நாத்தனார் எழுந்து நடக்கிறாள், வாயும் முன்போலவே நடக்கிறது. நீ எங்கே ஈஸ்டர் சாப்பிட்டாய்? ஹாம் மிச்சம் இருக்கிறது, அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

ரோண்டாவின் கல்யாணம் ஜூன் 14 என்று முடிவாகிவிட்டது. உனக்கு ஓய்வான மாதம், கட்டாயம் வர வேண்டும். என் கல்யாண உடையைத்தான் அவள் போடப் போகிறாள், நான்தான் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

துணியைப் பற்றி ஏதோ கேட்டிருந்தாய். அக்டோபரில் புதுச் சோப்பு ஒன்று வாங்கினார்கள், அதில் சட்டை கொஞ்சம் சுருங்கியது. அதனால் இருக்கும்.

அத்தான் அழைக்கிறார், நிறுத்துகிறேன்.

ஆர்டிஸ்


ஆல்டர் க்ரீக்
19 ஏப்ரல் 1986

டுவேன்,

நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சோப்பு விஷயம் பொய்.

நீ சுவரில் பார்த்த அந்த முட்டல்காரன் டெரில் இல்லை. மெர்ல் ஷூல்ட்ஸ். 64-ம் எண், வரிசையின் நடுவில் ஆடுகிறவன். செப்டம்பர் கடைசியில் டெரிலுக்குக் கணுக்கால் பிசகியது. அது வெளியே தெரிந்தால் எதிரணிகள் சுதாரித்துவிடும் என்று டாலன் பயந்தார். அறுபதுகளில் எண் உள்ளவன் பந்து பிடிக்கிறவன் நிற்கும் அந்த ஓரத்தில் போய் நின்றால் நடுவர் விசில் ஊதுவார் என்பது உனக்கே தெரியும். அதனால் மெர்லுக்கு டெரிலின் 87-ஐ மாட்டிவிட்டார். 64-க்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரியும், வெளியூர்க்காரனுக்குத்தான் தெரியாது.

மெர்லின் முதுகுக்கு அந்தச் சட்டை பற்றவில்லை. போட்டதுமே கிழிந்தது. டாலன் என்னிடம் வந்து, "ஆர்டிஸ், எதாவது பண்ணுங்க, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். விலா இரண்டு பக்கமும் பிரித்து, இரண்டு அங்குலப் பட்டை வைத்துத் தைத்தேன். டெரிலுக்குக் கால் சரியானதும் பட்டையை எடுத்துவிட்டேன். நீ பார்த்தது என் தையல்.

ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டுக் கழுவுகிறவன் டெரில்தான். ரோண்டா அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவன் பெயர் பெரிய அணியின் பட்டியலில் இருக்கிறது என்று அத்தான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தப் பையனும் ஒன்றும் பேசவில்லை. அபர்டீனுக்கு நான் ஓடினதும் அதனால்தான். பித்தப்பை ஆபரேஷன் உண்மை, ஆனால் சமைத்துப்போட அவள் மகள் இருக்கிறாள்.

இன்றைக்கு ரோண்டாவின் கல்யாண உடை இடுப்பில் பற்றவில்லை. விலாவைப் பிரித்துப் பட்டை வைத்தேன். அதே இரண்டு அங்குலம். அதற்கு மேல் ஊசி ஓடவில்லை. உன் வேலை போய், நீ ஜூன் மாதத்தில் அந்தப் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு தேவாலயத்தில் வந்து நிற்கிற காட்சி கண்ணுக்குத் தெரிந்தது. உடையை நாற்காலியில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மகளுக்காகத் தம்பியை விற்றிருக்கிறேன். மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் கில்லிஸுக்குப் போன் செய். டெரில் உறவு என்பதையும் சொல். இன்னும் பத்து நாள் இருக்கிறது. நான் எழுதுவது இங்கே யாருக்கும் தெரியாது, டெரிலுக்கும் தெரியாது.

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்றால், மற்றவர்கள் சுகம். நான் டிசம்பரிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

உன் அக்கா


அணி அலுவலகம்
30 ஏப்ரல் 1986

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இவ்வளவு சுகமாக இருந்து எத்தனை வருடமாயிற்று! நீ முதலில் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? எனக்கு மார்ச் 12-ஆம் தேதியிலிருந்தே தெரியும்.

அன்றைக்கு டெரிலை, முட்டித் தள்ளிப் பழகுகிற இரும்புச் சட்டத்தில் முட்டச் சொன்னேன். சட்டம் அசையவில்லை. இரண்டாவது தடவையும் அசையவில்லை. "என்ன தம்பி, அக்டோபர்ல எட்டு கஜம் தள்ளினியே?" என்றேன். அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சார், அது நான் இல்ல. மெர்ல். எனக்குக் கால் சுளுக்கு. அப்புறம் இன்னொண்ணு. நான் ரோண்டாவைக் கட்டிக்கப் போறேன். நீங்க எனக்கு மாமா முறை."

"வேற எதாவது மிச்சம் இருக்கா?"

"இவ்வளவுதான் சார். அப்பாடா! நாலு மாசமா முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

"பெரிய அணியில ஆட ஆசை இல்லையா உனக்கு?"

"எனக்கு இங்கேயே பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியார் வேலை தர்றாங்க. நீங்க பாட்டுக்கு என்னை மெர்ல்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிருவீங்க. ஆகஸ்ட்ல இருநூத்தி எண்பது பவுண்டு ஆளு ஒருத்தன் முன்னாடி நிறுத்துவாங்க. ஜூன்ல கல்யாணம் சார். ரெண்டு மாசத்துல ரோண்டாவை விதவை ஆக்கணுமா?"

சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு உன் வீட்டுக்குக் கூட்டிவந்து கூகன் கொடுத்தேன். இரண்டு துண்டு. தட்டைத் தானே கழுவப் போனான், நான் விடவில்லை. உன்னிடம் நடந்ததைச் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சட்டையில் நீ பட்டை வைத்தது உட்பட எல்லாவற்றையும் அவன் சொல்லிவிட்டான்.

மதியம் மெர்லை வரச் சொன்னேன். அவன் முட்டியதில் சட்டம் வேலி வரைக்கும் போயிற்று. நாலு பந்து வீசினேன், மூன்றைப் பிடித்தான். நாலாவது என் வீச்சின் கோளாறு. அன்றைக்கே கில்லிஸுக்கு எழுதினேன்: ஹாஃப்ஸ்டாட் பற்றி நான் எழுதியது தவறு, படத்தில் இருப்பது வேறொருவன், ஹாஃப்ஸ்டாட் என் அக்கா மகளைக் கட்டப் போகிறவன், ஷூல்ட்ஸை எடுங்கள். கில்லிஸ் தொலைபேசியில் கத்திய கத்தலில் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். கடைசியில், "அந்த ஷூல்ட்ஸாவது உனக்குச் சொந்தம் இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். நேற்று வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படியானால் உன்னிடம் ஏன் கேட்டேன் என்பாய். நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான். அது சின்ன புத்தி, எனக்கே தெரியும். சோப்பு என்று பதில் வந்ததே, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. போடீன் விட்ட ஆட்டம்கூட அவ்வளவு வலிக்கவில்லை. உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் போன வியாழன் வந்தது. நாலு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தேன். டிராஃப்ட்டில் என்ன ஆனாலும் ஆகட்டும், என் அக்கா எனக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

இனி நல்ல செய்தி. இன்று ஒன்பதாவது சுற்றில் மெர்ல் ஷூல்ட்ஸை எடுத்துவிட்டோம், டைட் எண்டாக! அவன் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். பின்னால் பசு கத்துகிற சத்தம் கேட்டது, அம்மா அதைவிடச் சத்தமாகக் கத்தினார். கில்லிஸ் நடைபாதையில் என்னைக் கடந்துபோகும்போது, "ஒரு வருஷம் தர்றேன், அதுக்கு மேல கேக்காத" என்றார். பத்தடி போய்த் திரும்பி, "தன் ரிப்போர்ட்டைத் தானே கிழிச்சவனை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

உன்னைப் பற்றியும் ஒரு ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். ஆர்டிஸ், ஐந்தடி மூன்று. தொடக்கம் மிக மெதுவு. பொய் சொல்லத் தெரியாது, சோப்பின்மேல் பழி போடுவாள். கடைசி நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடுவாள். கட்டாயம் எடுக்கலாம்.

டெரிலைத் திட்டாதே.

உன் தம்பி,
டுவேன்


ஆல்டர் க்ரீக்
11 மே 1986, அன்னையர் தினம்

அடே டுவேன்,

நாங்கள் எல்லோரும் சுகம், என்னையும் சேர்த்து. உன் கடிதம் வந்த அன்றைக்கு மதியம் மூன்று மணிக்குச் சாய்ந்தவள் மறுநாள் காலைதான் எழுந்தேன். அத்தான் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

ஏழு வாரம்! ஏழு வாரம் அந்தப் பயல் என் மேஜையில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு கூகன் தின்றிருக்கிறான். இந்த ஞாயிறு அவன் முன்னால் வெறும் தட்டை வைத்தேன். "மாமா சத்தியம் வாங்கிட்டார் அத்தே" என்றான். "அப்ப அந்த மாமாவையே கூகன் சுடச் சொல்லு" என்றேன். ரோண்டா சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டாள். பிறகு மூன்று துண்டு வைத்தேன். அத்தானுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இப்போது மெர்லைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டு திரிகிறார்.

உன்மேலும் கோபம்தான். உன்னையும் அவனையும் தராசில் வைத்து நான் செத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் என் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தட்டையும் கழுவி வைத்திருக்கிறீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நன்றாக அழுதேன். நல்ல அழுகைதான், கவலைப்படாதே.

ரோண்டாவின் உடை தைத்து முடிந்தது. மாப்பிள்ளைத் தோழன் மெர்ல். அவன் அளவுக்குக் கோட்டு இந்த மாவட்டத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை, ஆகவே அதுவும் என் தலையில். ஜூன் 14, பதினொரு மணி. நீ புதுக் கோட்டு வாங்கிக்கொண்டு வா. அளக்கிற டேப்பைக் காரிலேயே வைத்துவிட்டு வா.

இந்த உறைக்குள் இரண்டு துண்டுத் துணி இருக்கிறது. 87-இன் விலாவிலிருந்து நான் பிரித்தெடுத்த பட்டைகள், இவ்வளவு நாளும் பொத்தான் டப்பாவின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இனி நீ வைத்துக்கொள். அடுத்த தடவை படத்தில் ஒருவன் திடீரென்று அகலமானால் முதலில் தையல்காரியைக் கேள். அன்றைக்கே பதில் வரும்.

உன் அக்கா,
ஆர்டிஸ்